சுழற்சியின் வரலாறு – 9: பம்பரத்தின் வயிற்றில் நீர்

1687-இல் வெளிவந்த ‘பிரின்சிபியா’வில் நியூட்டன் விவரித்த நீர்வாளியைச் சென்ற பகுதி ஆராய்ந்தது. முறுக்கிய கயிற்றில் தொங்கிய அந்த வாளி சுழலத் தொடங்கியதும் உள்ளிருந்த நீர் சிறிது சிறிதாக அதன் சுழற்சியை ஏற்று, ஓரங்களில் உயர்ந்து, நடுவில் குழிந்து, ஒரு நிலையான வடிவத்தை அடைந்தது. அந்தக் குழிவு எதைச் சார்ந்த சுழற்சியால் உண்டாகிறது என்ற தத்துவக் கேள்வியே நியூட்டனுக்கு முதன்மையாக இருந்தது. வாளியின் அச்சு சற்றே சாய்ந்தால் நீர் என்ன செய்யும், அந்த நீர் வாளியை என்ன செய்யும் என்ற கேள்வி கூர்மையாக எழுவதற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. பட்டறைகளில் எவரும் அதைக் கேட்பதற்கு முன்பே, புவியின் வயிற்றில் இருப்பது பாறையா உருகிய குழம்பா என்று புவியியலாளரும் கணித அறிஞரும் நடத்திய வாதத்தில் அது முளைத்தது.

புவியின் சுழல் அச்சு விண்மீன்களிடையே ஏறத்தாழ 26,000 ஆண்டுகளில் ஒரு கூம்பை வரைந்து முடிக்கிறது. நம் பஞ்சாங்கக் கணிதர் அயன சலனம் என்று குறித்த இந்த மெதுவான அச்சு நகர்வு, கதிரவனும் நிலவும் புவியின் நடுக்கோட்டுப் புடைப்பைப் பிடித்து இழுப்பதால் நிகழ்வது. எரிமலைகளைக் கண்ட அக்காலப் புவியியலாளர் பலர், மெல்லிய ஓட்டின் உள்ளே புவி முழுவதும் உருகிய நிலையில் இருப்பதாக நம்பினர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயிற்றுவித்த வில்லியம் ஹாப்கின்ஸ், 1839 முதல் 1842 வரை எழுதிய கட்டுரைகளில், ஓடு மெல்லியதாக இருந்தால் அது உள்ளிருக்கும் திரவத்தின்மேல் வழுக்கிச் சென்று அயன சலனத்தின் அளவை மாற்றிவிடும் என்றும், காணப்படும் அளவைக் கொண்டு நோக்கினால் ஓட்டின் தடிமன் புவி ஆரத்தின் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது என்றும் கணித்தார். 1868-இல் பாரிஸ் வானியலாளர் சார்ல் டெலோனே இதை மறுத்தார். நகர்வு அவ்வளவு மெதுவாக இருக்கும்போது, திரவத்தின் அடுக்குகள் ஒன்றையொன்று பற்றியிழுக்கும் பண்பாகிய பிசுக்குமையே உள்ளிருப்பதையும் ஓட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுசெல்லும் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தைக் கைவினைப் பொருளாக மாற்றியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர். ஹாப்கின்ஸின் கணக்கை முதலில் ஏற்றிருந்த அவர், 1876-இல் கிளாஸ்கோவில் கூடிய பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் முன்னே அதைக் கைவிட்டார். ஓட்டின் உட்புறம் சற்றே தட்டையாக இருந்தால், மெதுவான அச்சு நகர்வின்போது திரவம் பிசுக்குமையின் உதவியின்றியே, சுழற்சியால் பெற்ற ஒருவகை விறைப்பினால், திண்மப் பொருளைப் போல் ஓட்டைப் பின்தொடரும் என்பதை அவர் கண்டறிந்திருந்தார். இதை விளக்க, சட்டகத்தில் பொருத்திய சுழல்சக்கரமாகிய ஜைரோஸ்டாட்டில் சக்கரத்துக்குப் பதிலாக நீர் நிரப்பிய மெல்லிய உலோகக் கோளவுருவை அவர் அமைத்தார். அச்சுவாக்கில் சற்று நசுங்கிய தட்டைக் கோளவுரு, நீரால் நிரம்பியிருந்தும், திண்மப் பம்பரம் போலவே தன் அச்சைக் காத்து நின்றது. அச்சுவாக்கில் சற்று நீண்ட நெட்டைக் கோளவுருவை எவ்வளவு வேகமாகச் சுழற்றிவிட்டாலும் அது உடனே தடுமாறிச் சாய்ந்தது. இரண்டின் வடிவத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறியது. ஒன்று நிற்பதும் மற்றொன்று விழுவதும் அந்தச் சிறு வேறுபாட்டினால் என்பதே பார்த்தவர்களை வியக்க வைத்திருக்க வேண்டும்.

இதன் காரணத்தை 1880-இல் கணக்காக எழுதிக் காட்டியவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில். நீளம் விட்டத்தைவிடக் குறைவாக இருக்கும் தட்டைக் கலன் நிலைக்கும்; நீளம் விட்டத்தை மிஞ்சி அதன் மூன்று மடங்கை எட்டும் வரை கலன் நிலைக்காது; மூன்று மடங்கையும் தாண்டினால் மீண்டும் நிலைக்கும் என்று அவர் கண்டார். இந்த முடிவில் வரும் மூன்று என்ற எல்லை, சாய்வை வளர்ப்பது கலனின் வடிவ விகிதமே என்பதை முதன்முறையாகத் தெளிவாக்கியது. கிரீன்ஹில் பணியாற்றிய இடமும் கவனத்துக்குரியது. அவர் உல்விச்சில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்தவர். பீரங்கிக் குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டப்படும் வரிகள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன; நீண்ட குண்டு காற்றில் புரளாமல் செல்ல அந்த வரிகளின் சுருள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற அவருடைய சூத்திரம் 1879-இல் வந்தது. சுழலும் குண்டையும் சுழலும் திரவத்தையும் ஓராண்டு இடைவெளியில் ஒரே மனிதர் கையாண்டிருக்கிறார். ஆயினும் இந்த இரண்டும் ஒரே பொருளில் சேரும் நாளில் என்ன நேரும் என்பதை ஐரோப்பா அறிந்துகொள்ள ஒரு பெரும்போரும், அதைவிடப் பெரிய மற்றொரு போரும் தேவைப்பட்டன.

அதே 1880-இல் தாம்சன் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, இப்பகுதிக்கு வேண்டிய முதன்மையான கருத்தை உள்ளடக்கியிருந்தது. அணுக்கள் என்பவை, வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அக்காலத்தார் கருதிய ஈதரில் சுழலும் சுழிகளே என்ற தம் கொள்கைக்காக, உருளை வடிவில் சுழலும் திரவத் தூண் எவ்வாறெல்லாம் அதிரும் என்று அவர் ஆராய்ந்தார். அந்த அணுக்கொள்கை அழிந்துவிட்டது. அதிர்வுகளின் கணக்கு நிலைத்துவிட்டது. அமைதியாக நிற்கும் திரவத்தின் உட்பகுதியில் ஒரு துளியைத் தள்ளிவிட்டால், அதைப் பழைய இடத்துக்கு இழுக்கும் விசை எதுவுமில்லை. சுழலும் திரவத்தில் அப்படியில்லை: கலனோடு சேர்ந்து சுழன்றபடி பார்ப்பவருக்கு, நகரும் துளியைப் பக்கவாட்டில் திருப்பும் கொரியோலிஸ் விசை அதை வளைத்து வளைத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவருவது தெரியும். ஆகவே மேற்பரப்பே இல்லாமல் முழுதும் நிரம்பிய கலனுக்குள்ளும் அலைகள் எழ முடியும். நிலைம அலைகள் எனப்படும் இவற்றின் அதிர்வெண், சுழியத்துக்கும் கலனின் சுழற்சி வேகத்தின் இரு மடங்குக்கும் இடையே மட்டுமே அமையும். அந்த எல்லைக்குள் எண்ணற்ற அதிர்வுமுறைகள் நெருக்கமாகக் குவிந்திருக்கும். குளத்து அலையைப் போலக் கண்ணுக்குத் தெரியும் தளும்பலை மட்டுமே தளும்பல் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதிய செய்தி.

1895-இல் சிட்னி ஹஃப், திரவம் நிரம்பிய நீள்வட்டத் திண்ம ஓட்டின் அலைவுகளைப் புவிக்குப் பொருத்திப் பார்த்தார். புவியின் துருவம் ஏறத்தாழ 428 நாட்களுக்கு ஒரு முறை சிறு வட்டம் இடுவதைச் சேத் சாண்ட்லர் 1891-இல் அறிவித்திருந்தார். முற்றிலும் விறைப்பான புவிக்கு ஆய்லர் கணித்த காலம் 305 நாட்கள். உள்ளே திரவம் இருந்தால் அந்தக் காலம் இன்னும் குறையுமே அன்றி நீளாது என்று ஹஃப் காட்டினார். 1910-இல் ஆன்றி புவான்காரே அதே சிக்கலை மேலும் எளிமையான வடிவில் எழுதி முடித்தார். நிலநடுக்க அலைகளைக் கொண்டு ஹெரால்டு ஜெஃப்ரீஸ் புவியின் உட்கரு திரவம் என்று 1926-இல் நிறுவியபோது, இந்தக் கணிதம் மெய்யான ஒரு பொருளின்மேல் கால் ஊன்றியது. கலனே இல்லாமல், தன் ஈர்ப்பினாலேயே சேர்ந்திருக்கும் திரவ நீள்கோளங்களைப் பற்றிய கிளை ஒன்றும் உண்டு; சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1969-இல் வெளியிட்ட பெருநூலில் அது தொகுக்கப்பட்டது. விண்மீன்களுக்கு உரிய அந்தக் கிளையைத் தொடர்வதற்கு இங்கே இடமில்லை.

முதல் உலகப் போரில் இரு தரப்பும் நச்சுத் திரவங்களையும் பாஸ்பரசையும் குண்டுகளில் அடைத்து எறிந்தன. மனிதரை வதைப்பதற்காகச் செய்யப்பட்ட அந்தக் குண்டுகளின் பறத்தல் பற்றிய சிக்கலே திரவச் சுழற்சியின் ஆய்வை முன்னே தள்ளியது என்பது இந்த வரலாற்றின் வேதனையான உண்மை. வெப்பத்தால் திரவம் விரியும் என்பதால் எந்தக் குண்டையும் விளிம்பு வரை நிரப்புவதில்லை. சிறிது வெற்றிடம் விட்டே ஆக வேண்டும். 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்று குழலை விட்டு வெளியேறும்போது விநாடிக்கு ஏறத்தாழ 200 முறை சுழல்கிறது. அந்த வேகத்தில், அச்சிலிருந்து 5 செ.மீ. தொலைவில் உள்ள திரவத்தின்மீது செயல்படும் மையவிலக்கு விசை, புவியீர்ப்பைப் போல் 8,000 மடங்கு. ஆகவே திரவம் முழுவதும் சுவரோடு ஒட்டிக்கொள்ள, மிஞ்சிய காற்று நடு அச்சில் ஓர் ஒல்லியான தூணாக நிற்கிறது. பாதி நிரம்பிய கலன் என்பது இங்கே மேலே காற்றும் கீழே திரவமுமாக இருப்பதன்று. வெளியே திரவ உறையும் உள்ளே காற்றுக் கருவுமாக இருப்பது. அந்தக் காற்றுத் தூணின் சுவரே திரவத்தின் மேற்பரப்பு. அதன்மீதும் அலைகள் ஓடும்.

இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் கணித மேதை செர்கேய் சோபலெவிடம் இந்தச் சிக்கல் இராணுவ இரகசியமாக வந்து சேர்ந்தது. திரவம் நிரம்பிய குழியை உடைய பம்பரத்தின் இயக்கத்தை அவர் ஒரு சமன்பாட்டு அமைப்பாக எழுதினார். வழக்கமான அதிர்வுச் சிக்கல்களில், ஆற்றலைக் குறிக்கும் கோவை எப்போதும் நேர்க்குறி உடையது. அதனால் அதிர்வெண்கள் மெய்யெண்களாக அமைந்து, அலைவு ஓர் எல்லைக்குள் அடங்கி நிற்கும். சோபலெவ் கண்ட கோவையிலோ பம்பரத்தின் சாய்வைக் குறிக்கும் ஓர் உறுப்பு எதிர்க்குறி பெற முடிந்தது. அந்த ஒற்றை எதிர்க்குறி போதும்: அதிர்வெண் சிக்கலெண்ணாகி, அலைவு காலத்தோடு பெருகிப் பம்பரத்தைக் கவிழ்க்க வழி திறந்துவிடுகிறது. இப்படிப்பட்ட கோவைகளுக்குரிய பொதுத் தேற்றத்தை, சிறுவயதிலேயே பார்வையை இழந்த லெவ் பொந்த்ரியாகின் 1944-இல் வெளியிட்டார்; இன்று கணித உலகம் பொந்த்ரியாகின் வெளி என்று அழைக்கும் துறை அங்கே பிறந்தது. தேற்றம் வெளிவந்துவிட்டது, அதைப் பிறப்பித்த பம்பரம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சோபலெவின் கட்டுரை 1960-இல்தான் அச்சாயிற்று.

அதற்கு ஓராண்டு முன்னரே பிரித்தானியாவின் கீத் ஸ்டூவர்ட்சன் அதே முடிவுக்கு வேறு பாதையில் வந்திருந்தார். 1959-இல் திரவ இயக்கவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த அவருடைய கட்டுரை, உருளைக் குழியில் பகுதியளவே நிரம்பிய திரவத்தை நேரடியாக எடுத்துக்கொண்டது என்பதே அதன் தனிச்சிறப்பு. சுழலும் குண்டின் மூக்கு, பறக்கும் திசையைச் சுற்றி விரைவாகச் சிறு வட்டம் இடும். இதைத் தலையாட்டம் எனலாம். நீண்டு மெலிந்த குண்டுகளில் இதன் வேகம் சுழற்சி வேகத்தின் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். திரவத்துக்குத் தனக்கே உரிய நிலைம அதிர்வெண்கள் உண்டு; சுழற்சி வேகத்தின் பங்காக அளந்தால், அவை குழியின் நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தையும், குழியில் எத்தனை பங்கு நிரம்பியுள்ளது என்பதையும் மட்டுமே பொறுத்தவை. அவற்றுள் ஏதேனும் ஒன்று தலையாட்டத்தின் வேகத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போனால், திரவம் சுவர்களின்மீது செலுத்தும் அழுத்தம் தலையாட்டத்தை ஒவ்வொரு சுற்றிலும் வளர்த்துக்கொண்டே போகும். ஒத்ததிர்வு எனப்படும் இந்தப் பொருத்தம் குறுகிய பட்டைகளில் மட்டும் நிகழ்வதால், முழுதும் நிரம்பியபோது நேராகப் பறக்கும் குண்டு, சிறிது குறைத்து நிரப்பினால் புரண்டு விழவும், மேலும் குறைத்தால் மீண்டும் ஒழுங்காகப் பறக்கவும் கூடும். குறைவாக நிரப்புவது பாதுகாப்பானது என்றோ, நிறைய நிரப்புவது பாதுகாப்பானது என்றோ எந்தப் பொது விதியும் செல்லாமல் போனதற்கு இதுவே காரணம். திரவத்தின் அளவைவிட இந்தப் பொருத்தமே முதன்மையானது என்ற உண்மை, பல்லாண்டு காலச் சோதனைக்களக் குழப்பத்தை ஒரே கட்டுரையில் தீர்த்தது. ஜி. என். வார்டு அதற்கு எழுதிய பின்னிணைப்பு, உண்மையான பம்பரங்களில் செய்த சோதனைகளை விவரித்தது.

ஸ்டூவர்ட்சனின் திரவத்துக்குப் பிசுக்குமை இல்லை. அது தொடக்கத்திலிருந்தே கலனோடு முழுதாகச் சுழல்வதாகவும் அவர் கொண்டார். மெய்யான குண்டில் இரண்டும் பொய். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து அபர்டீனில் இருந்த எறிகணை ஆய்வுக்கூடத்தில் எர்வின் வெடெமையர் இந்த இரண்டு குறைகளையும் எடுத்துக்கொண்டார். குழலுக்குள் குண்டு சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளிலேயே சுழற்சி பெற்றுவிடுகிறது, உள்ளிருக்கும் திரவம் அப்போது சுழலத் தொடங்குவதே இல்லை. சுழற்சி பக்கச் சுவரிலிருந்து பிசுக்குமையால் மட்டும் உள்ளே பரவ வேண்டுமானால், 5 செ.மீ. ஆரமுள்ள நீர்க்குழிக்கு அதன் கால அளவு 40 நிமிடங்கள். ஆனால் 1964-இல் வெடெமையர் விளக்கியபடி, குழியின் இரு தட்டை முனைகளிலும் உண்டாகும் மெல்லிய படலம் திரவத்தை உறிஞ்சி வெளிப்புறமாக வீசுகிறது. அங்கே சுழற்சி பெற்ற திரவம் பக்கச் சுவரோரமாக நடுப்பகுதிக்குத் திரும்பி வருகிறது. வான் வால்ஃப்ரிட் எக்மன் 1905-இல் கடல் நீரோட்டங்களுக்காக வகுத்த இந்தப் படலத்தின் உதவியால், அதே வேலை சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. குண்டின் பறத்தல் காலமும் விநாடிக் கணக்கில்தான் உள்ளது. எனவே பறந்துகொண்டிருக்கும்போதே திரவத்தின் அதிர்வெண்கள் மெல்ல மாறிக்கொண்டு வரும். இறுதி நிலையில் பொருத்தம் இல்லாத குண்டும் இடைவழியில் ஒரு பொருத்தத்தைக் கடந்தே செல்ல நேரலாம். பிசுக்குமை அதிர்வெண்களைச் சற்று இடம்பெயர்த்து, அபாயப் பட்டைகளை அகலமாக்கித் தாழ்த்துகிறது என்பதை 1966-இல் அவர் சேர்த்தார். அதே ஆய்வுக்கூடத்தின் போரிஸ் கார்ப்போவ் திரவம் நிரப்பிய சுழல்காட்டிகளில் செய்த அளவீடுகளோடு இந்தத் திருத்தம் பொருந்தியது.

இதே ஆண்டுகளில், பீரங்கிகளோடு எந்தத் தொடர்புமில்லாத எந்திரப் பொறியாளர்களும் அதே பேயைத் தங்கள் வீட்டில் கண்டனர். உள்ளீடற்ற சுழல்தண்டுகளுக்குள் கசிந்த எண்ணெயோ, குளிர்ந்து படிந்த நீரோ சிறிதளவு சிக்கிக்கொள்வது வழக்கம். சுழலும் எந்த எந்திரத்துக்கும் மாறுநிலை வேகம் ஒன்று உண்டு. அதில் தண்டின் இயல்பான வளைவு அதிர்வு சுழற்சியோடு ஒத்துப்போய் நடுக்கம் உச்சமடையும். அதைக் கடந்துவிட்டால் எந்திரம் அமைதியாகும் என்பது குஸ்தாவ் டி லாவாலின் நீராவிச் சுழலி காலத்திலிருந்து அறியப்பட்ட செய்தி. ஆனால் உள்ளே திரவம் சிக்கிய தண்டு, மாறுநிலை வேகத்தைக் கடந்த பின்னும் அமைதியடையாமல், தன் சுழற்சியைவிட மெதுவான ஒரு வேகத்தில் வட்டமிட்டு, அந்த வட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போனது. ஜெர்மனியில் கோல்மன் 1962-இல் சோதனையாகவும், ஜெட் எந்திரத் துறையில் பணியாற்றிய ஃபிரெட்ரிக் எரிக் 1967-இலும், வுல்ஃப் 1968-இலும் இதை ஆராய்ந்தனர். திரவ உறையின் உட்பரப்பில் எழும் அலை, தண்டின் வட்ட இயக்கத்தைவிடச் சற்று முன்னே நின்று அதைத் தொடர்ந்து இழுப்பதே காரணம். இங்கும் சிறிதளவு திரவமே போதுமானதாக இருந்தது.

இதற்கு நேர்மாறான நன்மையும் அதே திரவ உறையிடம் இருந்தது. மாறுநிலை வேகத்துக்கு மேல், சுழலும் பொருளின் கனமான பக்கம் சுழற்சி மையத்தை நோக்கியும் இலேசான பக்கம் வெளிநோக்கியும் திரும்பிவிடுகின்றன. வெளிப்புறத்தை நாடும் திரவம் அப்போது தானாகவே இலேசான பக்கத்தில் சேர்ந்து எடையைச் சமன்செய்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் மோரீஸ் லெப்ளாங் 1910-களில் முன்வைத்த இந்தக் கருத்து, இன்று மேலிருந்து துணி போடும் துவைப்பு எந்திரங்களில், தொட்டியின் விளிம்பில் உப்புநீர் பகுதியளவு நிரம்பிய வளையமாக வீடுதோறும் சுழல்கிறது. வளையத்தின் உட்புறத் தடுப்புகள், கோல்மன் கண்ட அந்த அலை எழாதபடி தடுக்கின்றன.

வானியலாளர் கண்டது பீரங்கிக் கணிதரிடமும், பீரங்கிக் கணிதர் கண்டது எந்திரப் பொறியாளரிடமும் உரிய காலத்தில் சேரவில்லை. இரகசியம் ஒரு தடை. தம் துறையின் இதழ்களுக்கு அப்பால் படிக்காத பழக்கம் அதைவிடப் பெரிய தடை என்றே தோன்றுகிறது. செயற்கைக்கோள்களை அமைத்தவர்களும் தொடக்கத்திலிருந்தே கற்க வேண்டியதாயிற்று. 1958-இல் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 1 தன் நீள அச்சைப் பற்றிச் சுழலுமாறு விடப்பட்டு, சில மணி நேரத்துக்குள் குறுக்குவாட்டில் புரளத் தொடங்கியது. அதில் குற்றவாளி திரவமன்று, வளையும் தன்மையுடைய அலைக்கம்பிகள். ஆனால் அது வெளிப்படுத்திய விதி பொதுவானது: சுழற்சியின் அளவாகிய கோண உந்தம் மாறாமல் இருக்க, உள்ளே ஆற்றல் மட்டும் வெப்பமாகிக் குறைந்துகொண்டே போனால், பொருள் மிகக் குறைந்த ஆற்றலுக்குரிய சுழற்சியை, அதாவது நிலைமம் மிகுதியான குறுக்கு அச்சைப் பற்றிய சுழற்சியை, நாடிச் செல்லும். தளும்பும் திரவத்தைப் போல் ஆற்றலை விழுங்கும் பொருள் செயற்கைக்கோளில் வேறில்லை.

1969 ஆகஸ்ட் 12-இல் ஏவப்பட்ட நாசாவின் ஏடிஎஸ் 5 இதற்கு முழு விலை கொடுத்தது. வெப்பத்தைக் கடத்துவதற்காக அதில் வைத்த குழாய்களுக்குள் இருந்த திரவம், எதிர்பார்த்ததைவிட வேகமாக ஆற்றலைக் கரைக்க, தள்ளாட்டம் கட்டுக்கடங்காமல் பெருகியது. முடிவில் அது நிலைபெற்ற சுழற்சி திட்டமிட்டதற்கு எதிர்த்திசையில் அமைந்ததால், நீண்ட தண்டுகளை விரித்துப் புவியீர்ப்பின் வேறுபாட்டால் நிலைநிறுத்தும் முதன்மைச் சோதனை நடைபெறவே இல்லை. அதே ஆண்டில் ஏவப்பட்ட டாக்சாட், ஒரு பகுதி சுழல மறுபகுதி சுழலாமல் புவியை நோக்கி நிற்கும் இரட்டை அமைப்பைக் கொண்டிருந்தது. வெர்னன் லாண்டனும் அந்தோணி இயோரில்லோவும் வகுத்த அந்த முறையில், சுழலாத பகுதியில் கரையும் ஆற்றல் தள்ளாட்டத்தைத் தணிக்கிறது, சுழலும் பகுதியின் எரிபொருள் தொட்டிகளில் கரையும் ஆற்றல் அதை வளர்க்கிறது. முன்னது பின்னதை எப்போதும் மிஞ்சி நிற்க வேண்டும். முன்னதைக் கணக்கிட்டு அமைக்கலாம். பகுதியளவு நிரம்பிய தொட்டியின் கணக்கு நம்பிக்கைக்குரியதாக அமையாததால், அளவு குறைத்த மாதிரித் தொட்டிகளில் நிரப்பளவை மாற்றி மாற்றிச் சுழற்றி அளந்து பார்ப்பதே பொறியாளர்களின் வழக்கமாயிற்று.